பார்லியும் அதன் காட்டு உறவுப் புற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்லியைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் தானியத்தைப் பற்றியே கேட்கிறார்கள். அந்தத் தானியம் எந்தப் புல்லிலிருந்து வந்தது, அந்தப் புல் இன்றும் இருக்கிறதா, அதன் மற்ற உறவுகள் எவை என்று கேட்பவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்விகளில்தான் பார்லியின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பார்லிக்கு எத்தனை உறவுப் புற்கள் இருக்கின்றன?

பார்லி சேர்ந்திருக்கும் பேரினத்தின் பெயர் ஹோர்டியம். அதில் சுமார் 33 இனங்கள் உள்ளன. மத்தியதரைக் கடல் பகுதி, மேற்கு ஆசியா, நடு ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என உலகின் மிதவெப்பப் பகுதிகள் பலவற்றில் அவை வளர்கின்றன. தென்னாப்பிரிக்காவில்கூட ஓர் இனம் உண்டு. பார்லி மேற்கு ஆசியாவின் பயிர் என்பதால் உறவுகளும் அங்கேதான் குவிந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பேரினத்தின் பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கின்றன. குறிப்பாக அர்ஜென்டினாவிலும் சிலியிலும், ஆண்டிஸ் மலையடிவாரங்களிலிருந்து படகோனியாவின் குளிர்ந்த புல்வெளிகள் வரை, பல இனங்கள் நெருக்கமாக வாழ்கின்றன.

இந்த இனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. கதிர்த்தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று சிறுகதிர்கள் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு சிறுகதிரிலும் ஒரே ஒரு பூ. இந்த மும்மையைக் கண்டால் அது ஹோர்டியம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரே வேலிப்புறத்தில் வளரும் கோதுமைப் புற்களிலும் கம்புக்கோதுமைப் (ரை) புற்களிலும் கணுவுக்கு ஒரு சிறுகதிர்தான் வழக்கம். அதில் பூக்கள் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும்.

காட்டுப் பார்லி என்பது தனி இனமா?

இல்லை. வயலில் விளையும் பார்லியும் அதன் நேரடி மூதாதையான காட்டுப் பார்லியும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்கள். ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் கோக் 1848இல் காட்டுப் பார்லியை விவரித்தபோது அதைத் தனி இனமாகக் கருதி ஹோர்டியம் ஸ்பான்டேனியம் என்று பெயரிட்டார். இரண்டும் தடையின்றிக் கலந்து, வளமான சந்ததியைத் தருகின்றன என்பது தெரிந்த பிறகு, இன்று பெரும்பாலான வகைப்பாட்டாளர்கள் இரண்டையும் ஹோர்டியம் வல்கேர் என்ற ஒரே பெயரின் கீழ் வைக்கிறார்கள். இரண்டிலும் குரோமோசோம்கள் 14. அவை ஒன்றோடொன்று முழுமையாக இணை சேர்கின்றன.

இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. பல பயிர்களின் மூதாதைகள் அழிந்துவிட்டன, அல்லது எது மூதாதை என்பதில் வாதம் தொடர்கிறது. பார்லியின் மூதாதையோ இன்றும் இஸ்ரேல், ஜோர்டான், சிரியா, தென்கிழக்குத் துருக்கி, ஈராக், ஈரான் வழியாக நடு ஆசியா வரை பரந்து வாழ்கிறது. சாலையோரங்களிலும் வயல் ஓரங்களிலும்கூட முளைக்கிறது. பயிரையும் மூதாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவது பெரிய வாய்ப்பு.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

முதிராத பயிராக இருக்கும்போது கடினம். இரண்டின் இலையடியிலும் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் நீண்ட இலைச்செவிகள் இருக்கும். காட்டுச் செடி பொதுவாக மெலிந்தது, தூர்கள் தரையோடு படர்ந்து எழும், இலைகள் குறுகியவை.

கதிர் முற்றியதும் ஐயமே இருக்காது. காட்டுப் பார்லியின் கதிரைத் தொட்டாலே துண்டு துண்டாக உதிரும். உச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கணுவாக உடைந்து, சில நாட்களில் வெறும் தண்டு மட்டும் நிற்கும். வயல் பார்லியில் கதிர் முழுதாக நிற்கும். அடித்தால்தான் மணி பிரியும்.

கதிர் ஏன் உதிர வேண்டும்? உதிராத கதிர் எப்படி வந்தது?

ஒரு புல்லுக்கு விதையை மண்ணில் சேர்ப்பதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி. காட்டுப் பார்லியில் உடைந்து விழும் ஒவ்வொரு துண்டும் அம்பு வடிவில் இருக்கும். நடுவில் ஒரு விளைந்த மணி. இரு பக்கமும் மலடான இரண்டு சிறிய சிறுகதிர்கள். மேலே நீண்ட மீசை. அந்த மீசையில் நுண்ணிய பற்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், துண்டு முன்னோக்கி நகரும், பின்னோக்கி வராது. மண் வெடிப்பிலோ சருகுக்கு இடையிலோ கூர்முனை நுழைந்துவிட்டால், ஒவ்வோர் அசைவும் அதை இன்னும் ஆழத்துக்கே தள்ளும். எறும்பும் பறவையும் நிறைந்த கோடையைத் தாண்டி, அடுத்த மழை வரை விதை ஒளிந்திருக்க இதுவே வழி.

கதிர் உடைவதற்குக் காரணம், கணுவுக்குச் சற்று மேலே உள்ள செல்களின் சுவர் மெலிந்திருப்பது. அந்த மெலிவை உண்டாக்க இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பிடிஆர்1, பிடிஆர்2 என்று அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். இரண்டும் மூன்றாம் குரோமோசோமில் அருகருகே உள்ளன. இவற்றில் ஏதேனும் ஒன்று கெட்டாலும் கதிர் உடையாது. 2015இல் வெளியான ஆய்வு அந்த மாற்றங்களைத் துல்லியமாகக் காட்டியது: ஒரு வகைப் பார்லியில் முதல் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து (டிஎன்ஏ வரிசையின் ஓர் அலகு) விடுபட்டிருந்தது, இன்னொரு வகையில் இரண்டாவது மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதாவது மனிதன் உதிராத கதிரை ஒரு தடவைக்கு மேல், வெவ்வேறு இடங்களில் கண்டெடுத்திருக்கிறான்.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு பிறக்கிறது. முதல் வகைப் பயிரையும் இரண்டாம் வகைப் பயிரையும் கலப்புச் செய்தால், உதிராத இரண்டு பெற்றோருக்கு உதிரும் பிள்ளை பிறக்கிறது. ஒன்றில் கெட்ட மரபணுவை மற்றது நிறைவு செய்துவிடுவதால் காட்டுக் குணம் திரும்பி வருகிறது.

யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. அரிவாளால் அறுத்துக் கொண்டுவரும்போது உதிர்ந்தவை நிலத்தில் தங்கின; உதிராதவை வீட்டுக்கு வந்தன; மறு பருவத்தில் விதையானவை அவையே. ஆனாலும் அகழாய்வுகளில் உதிரும் கதிரும் உதிராத கதிரும் பல நூற்றாண்டுகள் கலந்தே கிடைக்கின்றன. ஒரே தலைமுறையில் பயிர் உருவாகிவிட்டது என்ற எண்ணம் பொருந்தாது.

இரண்டு வரிசைப் பார்லி, ஆறு வரிசைப் பார்லி என்கிறார்களே, எது காட்டு வடிவம்?

இரண்டு வரிசைதான். கணுவில் உள்ள மூன்று சிறுகதிர்களில் நடுவில் இருப்பது மட்டும் விளைந்தால், கதிரின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசையாக மொத்தம் இரண்டு வரிசை மணிகள் தெரியும். மூன்றும் விளைந்தால் ஆறு வரிசை.

பக்கச் சிறுகதிர்களை வளரவிடாமல் அடக்கிவைக்கும் மரபணு விஆர்எஸ்1. அது செயலிழந்ததால்தான் ஆறு வரிசை வந்தது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர் கொமாட்சுடா தலைமையிலான குழு உறுதி செய்தது. காட்டில் ஆறு வரிசை நிலைக்காததற்குக் காரணம் எளிது: மூன்று மணிகள் கொண்ட பருத்த துண்டு அம்புபோல மண்ணுக்குள் நுழையாது. வயலில் மனிதன் விதைக்கிறான் என்ற பிறகு அந்தக் குறை பொருட்டில்லாமல் போயிற்று.

பார்லி எங்கே, எப்போது பயிராயிற்று?

பயிராவதற்கு வெகு முன்பே மனிதன் காட்டுப் பார்லியை உண்டிருக்கிறான். கலிலேயாக் கடலின் கரையில் உள்ள ஒஹாலோ 2 என்ற அகழிடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகளில் காட்டுப் பார்லி மணிகள் கிடைத்தன. அங்கிருந்த அரைக்கும் கல்லில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களிலும் பார்லி அடையாளம் காணப்பட்டது. அறுத்து, அரைத்து, சமைத்து உண்ணும் பழக்கம் வேளாண்மையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு பழமையானது என்று இதற்குப் பொருள்.

பயிராக மாறியது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கு ஆசியாவின் வளமான பிறைநிலப் பகுதியில். எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு ஒற்றை விடை கிடையாது. இன்றைய பார்லி ரகங்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தால், ஒரு துண்டு ஒரு பகுதியின் காட்டுப் பார்லியை ஒத்திருக்கிறது, அடுத்த துண்டு வேறொரு பகுதியின் காட்டுப் பார்லியை ஒத்திருக்கிறது. பயிர் எங்கெல்லாம் பரவியதோ அங்கெல்லாம் உள்ளூர்க் காட்டுப் பார்லியோடு கலந்திருக்கிறது. பிறந்த இடம் ஒன்று என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதைவிட, பல காட்டுக் கூட்டங்கள் சேர்ந்து வளர்த்த பயிர் இது என்று சொல்வதே சரி.

சாக்கடலுக்கு அருகே மசாடாக் கோட்டைப் பகுதியில் உள்ள யோராம் குகையில் 6,000 ஆண்டுப் பழமையான பார்லி மணிகள் உலர்ந்து கெடாமல் கிடைத்தன. 2016இல் அவற்றின் மரபணு வாசிக்கப்பட்டபோது, அதே பகுதியில் இன்றும் வளர்க்கப்படும் நாட்டு ரகங்களோடு அவை நெருங்கியிருந்தன. அத்தனை ஆண்டுகள் அரசுகள் மாறி, மக்கள் மாறியும் அந்த விதை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

திபெத்தில் ஆறு வரிசைக் காட்டுப் பார்லி இருக்கிறதாமே?

ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட செய்தி இது. 1938இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஓபெரி திபெத் பகுதியிலிருந்து வந்த, கதிர் உதிரும் ஆறு வரிசைப் பார்லியை ஹோர்டியம் அக்ரியோகிரித்தன் என்ற தனி இனமாக அறிவித்தார். ஆறு வரிசைப் பார்லியின் மூதாதை அகப்பட்டுவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன: அது பயிரும் உதிரும் வகையும் கலந்து உருவான செடி. மேலே சொன்னபடி உதிராத இரு வகைகளின் கலப்பிலிருந்துகூட உதிரும் செடி வர முடியும் என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை.

உமி ஒட்டாத பார்லி காட்டில் உண்டா?

கிடையாது. காட்டுப் பார்லி அனைத்திலும் உமி மணியோடு ஒட்டியே இருக்கும். மணியின் மேற்பரப்பில் சுரக்கும் கொழுப்புப் படலம்தான் பசையாக வேலை செய்கிறது. அந்தப் படலத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு முழுவதுமாக நீங்கிப்போனதால் உமி தானே கழன்றுவிடும் ரகங்கள் தோன்றின. உலகின் உமியில்லா ரகங்கள் எல்லாமே அந்த ஒற்றை நிகழ்விலிருந்து வந்தவை என்பதை 2008இல் கண்டறிந்தார்கள்.

உறவுப் புற்கள் எல்லாவற்றையும் பார்லியோடு கலப்புச் செய்ய முடியுமா?

முடியாது. கலப்பு எவ்வளவு எளிது என்பதை வைத்துத்தான் பயிர் விஞ்ஞானிகள் உறவின் நெருக்கத்தை அளக்கிறார்கள். 1971இல் ஜாக் ஹார்லனும் டி வெட்டும் வகுத்த முறை இது. பயிரோடு தடையின்றிக் கலப்பவை முதல் வட்டம். சிரமப்பட்டுக் கலப்பவை இரண்டாம் வட்டம். ஆய்வகத்தின் துணையின்றிக் கலக்கவே முடியாதவை மூன்றாம் வட்டம்.

பார்லியின் முதல் வட்டத்தில் காட்டுப் பார்லி மட்டுமே இருக்கிறது. இரண்டாம் வட்டத்திலும் ஒன்றே ஒன்றுதான்: தண்டின் அடி குமிழாகப் பருத்திருக்கும் பல்லாண்டுப் புல்லான ஹோர்டியம் பல்போசம். மீதி முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அத்தனையும் மூன்றாம் வட்டத்தில். கோதுமைக்கு நெருங்கிய உறவுகள் பல, பார்லிக்கோ இவ்வளவுதான். உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் குரோமோசோம் அளவில் இவை வெகுதூரம் விலகிவிட்டன. அதனால்தான் காட்டுப் பார்லியின் ஒவ்வொரு கூட்டமும் மதிப்பு மிக்கது என்று நான் வலியுறுத்துகிறேன். அதற்கு மாற்று என்று கைநீட்ட வேறு இனம் கிடையாது.

பல்போசம் பற்றி விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தாவரக் கலப்பின் வரலாற்றிலேயே மிக விசித்திரமான நிகழ்வுகளில் ஒன்று இந்தப் புல்லில்தான் நடந்தது. 1970இல் கனடாவைச் சேர்ந்த காஷாவும் காவோவும் பார்லிப் பூவில் பல்போசத்தின் மகரந்தத்தைத் தூவினார்கள். கருவுறுதல் நடந்தது. கலப்பினம் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், 7 குரோமோசோம்கள் மட்டுமே கொண்ட செடிகள் வந்தன. பார்த்தால் எல்லாம் பார்லியின் குரோமோசோம்கள். பல்போசத்தின் பங்கு, கரு வளர்ந்த முதல் சில நாட்களிலேயே செல்பிரிவுக்குச் செல்பிரிவு வெளியேற்றப்பட்டிருந்தது.

காரணம் பின்னர்தான் துலங்கியது. குரோமோசோமை இழுத்துப் பிரிக்கும் இழைகள் வந்து பற்றுவதற்கு, அதன் நடுப்பகுதியில் ஒரு சிறப்புப் புரதம் படிந்திருக்க வேண்டும். கலப்புக் கருவில் பல்போசத்தின் குரோமோசோம்கள் அந்தப் புரதத்தை இழந்துவிடுகின்றன. பிடிப்பில்லாமல் பின்தங்கிப்போகின்றன. இதை 2011இல் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் ஆய்வு நிறுவனத்தில் காட்டினார்கள்.

பயிர் வளர்ப்பவர்களுக்கு இதனால் என்ன? ஒரு புதிய ரகத்தில் எல்லாக் குணங்களும் நிலைபெற, வழக்கமான முறையில் ஆறேழு தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை தேவைப்படும். பல்போசம் வழியில், ஒரே தொகுதிக் குரோமோசோம்கள் மட்டும் கொண்ட அந்தச் செடியில் அவற்றைக் கால்ச்சிசின் மருந்தால் இரட்டிப்பாக்கினால் ஒரே அடியில் முழுத் தூய வரிசை கிடைத்துவிடுகிறது. சிறு சிரமம் ஒன்று உண்டு: விதையின் சத்துப் பகுதி சரியாக வளராததால், கருவைப் பிரித்தெடுத்து ஊட்டக் கலவையில் வளர்க்க வேண்டும். இந்த முறையில் உருவான முதல் பார்லி ரகமான மிங்கோ கனடாவில் வெளிவந்தது. பிற்காலத்தில் மகரந்தத்தையே வளர்த்துச் செடியாக்கும் முறை பெருமளவு அதன் இடத்தைப் பிடித்தது.

கருவில் இரு தரப்புக் குரோமோசோம்களும் தங்கிவிடும் நேரங்களும் உண்டு. குறைந்த வெப்பநிலை அதற்கு உதவுகிறது. அப்படிப்பட்ட கலப்புகளின் வழியே, துரு நோய், மஞ்சள் தேமல் வைரஸ், மஞ்சள் குட்டை வைரஸ் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் பல்போசத்திலிருந்து பார்லிக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன.

பார்லிப் புற்களைக் கோதுமையோடு கலக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. பார்லியும் கோதுமையும் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தவை. அதனால் நேரடிக் கலப்பு கடினம், பிறக்கும் செடி மலடு. ஆனால் தென் அமெரிக்க உறவுப் புல்லான ஹோர்டியம் சிலென்ஸ், கோதுமையோடு கலப்பதில் மற்ற எந்த ஹோர்டியத்தை விடவும் இணக்கமாக இருக்கிறது. அதை டூரம் கோதுமையோடு கலந்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, ஸ்பெயினின் கோர்டோபாவில் அந்தோனியோ மார்ட்டினும் அவரது குழுவினரும் டிரிட்டோர்டியம் என்ற புதிய தானியத்தை உருவாக்கினார்கள். 1970களில் தொடங்கிய பணி. பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்த பிறகே விற்பனைக்கு வந்தது. லூட்டின் என்ற நிறமி மிகுந்திருப்பதால் அதன் மாவு இளமஞ்சளாக இருக்கும். உலகச் சந்தையில் எந்த மதிப்பும் இல்லாத ஒரு மலைப்புல், புதிய தானியம் ஒன்றின் பெற்றோராக முடிந்தது. பயன் தெரியாத இனம் என்பதும் பயனற்ற இனம் என்பதும் ஒன்றல்ல.

உப்பு நிலத்தில் வளரும் பார்லி இனங்கள் உண்டா?

பல உண்டு. ஐரோப்பா, மத்தியதரைக் கடல் பகுதிகளின் உவர்ச் சதுப்புகளில் வளரும் ஹோர்டியம் மரைனம் அவற்றில் நன்கு ஆராயப்பட்டது. இலைக்குள் உப்பு ஏறாமல் வேரிலேயே தடுக்கும் திறன் அதற்கு வயல் பார்லியை விட அதிகம். நீர் தேங்கிய மண்ணிலும் தாக்குப்பிடிக்கும்: வேருக்குள் காற்றுக் குழாய்கள் உருவாகும், வேரின் வெளிப்புறத்தில், உள்ளே இறங்கும் ஆக்சிஜன் வழியில் கசிந்துவிடாதபடி தடுப்பு ஒன்று எழும். வயல் பார்லி நீர் தேங்கினால் விரைவில் வாடிவிடும் பயிர். உப்பும் நீர்த்தேக்கமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், இரண்டையும் தாங்கும் இந்தச் சிறு புல்லைக் கோதுமையோடு கலந்து, இரண்டின் குரோமோசோம் தொகுதிகளும் சேர்ந்த செடிகளை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். பார்லியோடு இதைக் கலப்பதுதான் கடினம்.

நடு ஆசியாவின் உவர்ப் புல்வெளிகளில் ஹோர்டியம் பொக்டானியும் பிரெவிசுபுலேட்டமும் கால்நடைத் தீவனமாகவே மேயப்படுகின்றன.

சாலையோரத்தில் வளரும் பார்லிப் புல் தீங்கானதா?

பொதுவாகக் கேட்கப்படுவது ஹோர்டியம் முரைனம் என்ற இனத்தைப் பற்றி. மத்தியதரைக் கடல் பகுதிக்கும் மேற்கு ஆசியாவுக்கும் உரிய இந்த ஓராண்டுப் புல், மிதவெப்ப நாடுகள் பலவற்றில் சுவர் ஓரங்களிலும் நடைபாதை இடுக்குகளிலும் பரவிவிட்டது. இளம் புல்லாக இருக்கும்போது ஆடுகள் விரும்பி மேயும். கதிர் வந்ததும் நிலைமை மாறும். காட்டுப் பார்லிக்கு விதையைப் புதைக்க உதவிய அதே மீசைப் பற்கள், ஆடுகளின் கண்ணிலும் வாயிலும் தோலிலும் குத்தி ஏறுகின்றன. நாய் வைத்திருப்பவர்கள் கோடையின் தொடக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும். கதிர்த்துண்டு காதிலோ மூக்கிலோ விரல் இடுக்கிலோ நுழைந்தால் தானாக வெளியே வராது, உள்ளேதான் போகும். உலாவி வந்ததும் ரோமத்தையும் பாதங்களையும் தடவிப் பாருங்கள். நாய் தலையை விடாமல் உதறினாலோ, ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இழுத்து எடுக்க முயன்றால் பாதி உள்ளேயே முறிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் தானிய வயல்களில் இது பெரிய களை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எதிர்க்கும் வகைகள் அங்கே 1980களிலேயே தோன்றிவிட்டன. பார்லியின் சில இலைநோய்களுக்கும் இது புகலிடமாகிறது. இதன் விதைகள் மண்ணில் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு தங்குவதில்லை என்பது மட்டும் நல்ல செய்தி. கதிர் முற்றும் முன் தொடர்ந்து வெட்டிவந்தால் குறையும்.

நரிவால் போன்ற கதிருள்ள பார்லியை அழகுக்காக வளர்க்கலாமா?

ஹோர்டியம் ஜுபாட்டம் அது. வட அமெரிக்காவுக்கும் வடகிழக்கு ஆசியாவுக்கும் உரியது. பட்டுப்போல மின்னும் இளஞ்சிவப்பு மீசைகளுக்காகத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். அந்த அழகை மறுக்க முடியாது. ஆனால் காய்ந்ததும் அதன் மீசையும் முரைனத்தைப் போலவே மாடுகளின் வாயைப் புண்ணாக்கும். காற்றில் எளிதாகப் பரவும். மேய்ச்சல் நிலத்துக்கு அருகில் வேண்டாம் என்பதே என் கருத்து.

பார்லியைத் தவிர வேறு ஹோர்டியம் இனம் எதையாவது மனிதன் பயிரிட்டிருக்கிறானா?

ஆம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்காச்சோளம் முதன்மைப் பயிராவதற்கு முன்பு, அங்கிருந்த தொல்குடிகள் சூரியகாந்தி, சில கீரை விதைகள் ஆகியவற்றோடு ஹோர்டியம் புசில்லம் என்ற சிறு பார்லியையும் வளர்த்தார்கள். வசந்தத்தின் இறுதியிலேயே முதிர்ந்துவிடும் தானியம் என்பதால், மற்ற விளைச்சல் வருவதற்கு முந்தைய பஞ்ச நாட்களுக்கு அது கைகொடுத்தது. சில அகழிடங்களில் கிடைத்த மணிகள் உமி நீங்கியவை. மனிதத் தேர்வின் தடயமாக ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள். மக்காச்சோளம் பரவியதும் அந்தப் பயிர் கைவிடப்பட்டது. காட்டு வடிவம் மட்டும் இன்றும் அங்கே சாலையோரங்களில் தலைகாட்டுகிறது. மேற்கு ஆசியாவில் நடந்ததற்குத் தொடர்பே இல்லாமல், வேறொரு கண்டத்தில் வேறொரு பார்லிப் புல்லை மனிதன் பயிராக்கத் தொடங்கினான் என்பது எனக்கு இந்தப் பேரினத்தின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி.

காட்டு இனங்களில் குளூட்டன் இல்லையா?

இருக்கிறது. பார்லியில் ஹார்டீன் என்ற புரதம், கோதுமையின் குளூட்டனைப் போலவே, அந்தப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகளுக்குத் தீங்கு செய்யும். காட்டுப் பார்லியிலும் அதே வகைப் புரதங்கள்தான். டிரிட்டோர்டியமும் அவர்களுக்கு ஏற்றதல்ல. பழமையானது, காட்டிலிருந்து வந்தது என்பதால் பாதுகாப்பானது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஓட்ஸ், நெல், மக்காச்சோளம் ஆகியவையும் பார்லிக்கு உறவா?

எல்லாம் புல் குடும்பம்தான். கோதுமையும் கம்புக்கோதுமையும் நெருங்கிய உறவு. ஓட்ஸ் சற்றுத் தள்ளி. நெல்லும் மக்காச்சோளமும் வெகுதூரம்.

காட்டுப் பார்லியின் நல்ல குணங்களை ஏன் உடனே பயிருக்கு மாற்ற முடிவதில்லை?

வேண்டிய மரபணுவோடு வேண்டாதவையும் ஒட்டிக்கொண்டு வருவதால். ஒரு நோய் எதிர்ப்பை எடுக்கப் போனால் உதிரும் கதிர், சிறுத்த மணி, நீண்ட விதை உறக்கம் எல்லாம் கூடவே வரும். திரும்பத் திரும்பப் பயிரோடு கலந்து, வேண்டாததைக் களைந்து, வேண்டியதை மட்டும் மீதம் வைக்கப் பல தலைமுறைகள் ஆகும்.

இருந்தும் பலன் கிடைத்திருக்கிறது. சிரியாவின் வறண்ட நிலங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் பார்லி மிகவும் குட்டையாகிப்போய் அறுவடை செய்யவே முடியாத நிலை வரும். வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்கார்டா, காட்டுப் பார்லியோடு செய்த கலப்புகளிலிருந்து, வறட்சியிலும் உயரம் குறையாத செடிகளைத் தேர்ந்தெடுத்தது. விளைச்சல் என்றால் மணியின் எடை மட்டும்தான் என்று எண்ணும் நமக்கு, அந்த நிலத்து விவசாயிக்கு அரிவாள் எட்டும் உயரமும் விளைச்சல்தான் என்பதை இது காட்டியது.

பார்லியின் மரபணுத் தொகுதி சுமார் 500 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதனுடையதை விடப் பெரியது. 2012இல் முதல் வரைவும் 2017இல் குரோமோசோம் அளவிலான முழுமையான வரிசையும் வெளியானபின், எந்தத் துண்டு காட்டிலிருந்து வந்தது என்பதை நாற்றிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. வேண்டாததைக் களையும் காலம் இதனால் குறைந்திருக்கிறது.

விதை வங்கிகளில் சேமித்துவிட்டால் போதாதா?

சேமிக்கத்தான் வேண்டும். இக்கார்டாவின் வங்கி சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகில் இருந்தது. பார்லிக்கும் அதன் காட்டு உறவுகளுக்கும் உலகின் முக்கியமான சேமிப்புகளில் ஒன்று. உள்நாட்டுப் போரால் அது எட்டாத இடமானபோது, நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் ஏற்கனவே வைத்திருந்த நகல் விதைகளை 2015இல் திரும்பப் பெற்றார்கள். 2008இல் திறக்கப்பட்ட அந்தப் பெட்டகத்திலிருந்து விதை எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இலிருந்து மீண்டும் நகல்களை அங்கே அனுப்பத் தொடங்கினார்கள். வங்கி இல்லாதிருந்தால் அந்தச் சேமிப்பு மீண்டிருக்காது.

ஆனால் உறைபனியில் இருக்கும் விதை, எடுத்த ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். மலைச்சரிவில் இருக்கும் கூட்டமோ ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு புதிய பூஞ்சைக்கும் ஈடுகொடுத்து மாறிக்கொண்டே வருகிறது. இஸ்ரேலின் கார்மல் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், எதிரெதிரே உள்ள இரண்டு சரிவுகள் சில நூறு மீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒன்று வெயில் காயும் வறண்ட சரிவு, மற்றது நிழலும் ஈரமும் மிகுந்தது. இரண்டிலும் உள்ள காட்டுப் பார்லிச் செடிகள் மரபணுவில் வேறுபட்டிருப்பதை எவியாதார் நேவோவின் குழு ஆராய்ந்து காட்டியது. ஒரு நாட்டுக்கு ஒரு பொட்டலம் என்று சேமித்தால் இந்த வேறுபாடு கையில் வராது. வங்கியும் வேண்டும், மலைச்சரிவும் வேண்டும். அளவுக்கு மீறிய மேய்ச்சலும் கட்டடங்களும் அந்தச் சரிவுகளைத் தின்றுவருவதைப் பயிர் அறிவியலின் இழப்பாக நாம் கணக்கிட வேண்டும்.

காட்டுப் பார்லியை நானே வளர்த்துப் பார்க்கலாமா?

ஆய்வுக்கோ கற்பித்தலுக்கோ என்றால் சில மரபணு வங்கிகள் சிறு அளவில் விதை தருகின்றன; உங்கள் நாட்டின் தாவரத் தடைக்காப்பு விதிகளை முதலில் பாருங்கள். புதிதாக அறுத்த விதை முளைக்காது. கோடை முழுவதும் உலர்ந்த வெப்பத்தில் கிடந்தால்தான் அதன் உறக்கம் கலையும். பிறகு ஈரப்படுத்திச் சில நாட்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் முளைப்பு சீராகும். செடி தன்மகரந்தச் சேர்க்கையில்தான் விதை பிடிக்கும், அயல் மகரந்தம் ஏற்பது நூற்றில் ஒன்றிரண்டு பூக்களே. ஆகவே இரண்டு வகைகளை அருகருகே வைத்தாலும் பெரிதாகக் கலந்துவிடாது. கதிர் பச்சை மாறத் தொடங்கியதும் காகிதப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் மேல் பாதி மணிகள் தரையில் கிடக்கும், அடுத்த பருவத்தில் தொட்டி முழுவதும் முளைக்கும்.